சங்கத்துத் தண்ணீரில் போட்ட காப்பி

எங்கள் ஊரில் காப்பி கரிக்கும். உப்பளத்துக்கு நடுவில் இருக்கிற ஊரின் கிணறு வேறு எப்படி இருக்கும்? சோற்றுக்கு உப்புச் செலவே கிடையாதே என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். தூத்துக்குடிக்குப் போய் ஓட்டலில் காப்பி குடித்த அன்றுதான் காப்பிக்கு இப்படியும் ஒரு ருசி உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊர் வழியாக ஒரு பெரிய இரும்புக் குழாய் போனது. எட்டயபுரத்துப் பக்கம் கரிசல் மேட்டில் இருந்த ஊர்கள் ஒன்றுகூடி ஒரு குடிநீர்ச் சங்கம் வைத்து, தாமிரபரணித் தண்ணீரை அந்தக் குழாயில் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் சங்கத்தில் இல்லை. அதனால் எங்களுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பெண்கள் மணல்மேட்டு ஊற்றுக்குக் குடத்தோடு நடக்க வேண்டும். அது குடிக்க மட்டும்தான்; சமையலுக்கும் காப்பிக்கும் கிணற்றுத் தண்ணீர். "நம்ம வாசல் வழியா போவுது, நம்ம வாய்க்கு இல்ல" என்று அந்தக் குழாயைத் தாண்டும்போதெல்லாம் அம்மா பொருமுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழாய்க்குக் காவல் என் அப்பாதான். அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அந்த மேட்டு ஊர் ஒன்றில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா சங்கத்தில் உறுப்பினர். அவர் சொல்லித்தான் அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தது. குழாயோடு சைக்கிளில் போய், எங்கே கசிகிறது, எவன் உடைக்கிறான் என்று பார்த்துவர வேண்டும்.

தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, ஊற்றுப் பாதையில் ஒருநாள் அம்மா குடத்தோடு விழுந்துவிட்டாள். மறுநாளே, ஊர்க்கோடியில் குழாயின் மேல் இருந்த காற்று வால்வு ஒழுகத் தொடங்கியது. குழாய்க்குள் சேரும் காற்று வெளியேறுவதற்காக வைத்த துவாரம் அது. அது மூடிக்கொள்ளாதபடி அதில் ஒரு உடைமரக் குச்சி செருகியிருந்தது. செருகியது யார் என்று எனக்குத் தெரியும், அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனவள் நான்தானே. "வெளியில மூச்சு விடக் கூடாது மக்கா" என்றார் அப்பா. ஒரு வாரத்துக்குள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே குடம் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் காப்பி ஓட்டல் காப்பி ஆகிவிட்டது.

கோவில் கொடைத் திருவிழாவுக்கு அத்தை வந்தாள். வந்ததும் வராததுமாகத் தண்ணீர்ப் புலம்பல்தான்.

"சங்கம்னு பேருதான் அண்ணே. எங்க தெரு கடைசித் தெரு. ஒழுங்கா வந்துட்டிருந்த தண்ணி ஒரு மாசமா வர மாட்டேங்கு. வழியில எந்த எடுபட்ட பயலோ களவாங்குதான். நல்லா பாருங்க."

"பாக்கேன், பாக்கேன்" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

அம்மா காப்பி கொடுத்தாள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் உற்றுப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த வீட்டுக் காப்பி எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

"மைனி, இது எந்தத் தண்ணி?"

"ஊத்துத் தண்ணி" என்றாள் அம்மா. என் ஓட்டை வாய் சும்மா இருக்குமா? "ஊத்துக்கு இப்ப யாரு போறா! அப்பா குச்சி வச்சிருக்காவ அத்தை. வாங்க, காட்டுதேன்!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டேன்.

வால்வடியில், சின்ன வயதில் அத்தையோடு விளையாடித் திரிந்தவர்கள் குடத்தோடு நின்றார்கள். அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அத்தை அவர்களைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். திரும்பும்போது என் கையை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் என்னவோ பெரிதாகச் சாதித்துவிட்ட பெருமையில் துள்ளிக்கொண்டு வந்தேன்.

கொடை முடியும்வரை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாமா காதுக்குப் போனால் வேலை போய்விடும். "சொல்லிருவாளோ?" என்று அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தாள். "சொன்னா சொல்லட்டும். அவ பிள்ளைக்கும் தாகம் எடுக்கும்லா" என்றார் அப்பா.

அத்தை ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். அத்தை எழுந்துபோய் அதைக் குடத்திலேயே திருப்பி ஊற்றினாள். கொல்லைக் கிணற்றில் தானே ஒரு செம்பு இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு இதுல போடுங்க மைனி."

"கரிக்குமே, ஏளா."

"கரிக்கட்டும்."

அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அதைக் குடித்தாள். "இதுதான் நம்ம காப்பி அண்ணே" என்றாள். பிறகு அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

அப்பா உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வால்வுக்குப் போனார். மத்தியானம் ஊர்ப் பெண்கள் வெறுங்குடத்தோடு எங்கள் வாசலில் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து தம்பி பிறக்கும்வரை, வேலைக்குப் போகுமுன் அப்பாவே ஊற்றிலிருந்து சைக்கிளில் தகர டின் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். மாமாவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

இவ்வளவிலும் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அத்தைக்குக் கரிக்கிற காப்பிதான் பிடிக்கும். அதற்குப் பிறகு அத்தை எப்போது வந்தாலும் ஓடிப்போய்க் கிணற்றில் இறைத்து வைத்துவிடுவேன். சில வருஷம் கழித்து எங்கள் தெருவுக்கும் குழாய் வந்தது. அப்போதும் நான் விடவில்லை. "உங்களுக்குன்னே எறச்சேன் அத்தை" என்று டம்ளரை நீட்டுவேன். அத்தை அப்பாவைப் பார்ப்பாள். அப்பா தரையைப் பார்ப்பார். முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, "என் கண்ணுல்லா" என்று என் தலையைத் தடவுவாள். பாவி நான், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒருநாளாவது அவளை ஒரு நல்ல காப்பி குடிக்க விட்டேனா!