மூக்குச் சக்கரத்துக்கு நாற்பத்தைந்து

காலையில் அந்த விமானக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் பெட்ரோல் வாசனை வரும். அதற்குப் பின்னால், மெதுவாக, ரப்பர் வாசனை...

படிப்பு முடித்து ஒரு பறக்கும் பயிற்சி கிளப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்த காலம். எல்லாம் நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். காலையில் டயர்களில் காற்று பார்ப்பது என் வேலை.

கையேட்டில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. முன்னால் இருக்கும் மூக்குச் சக்கரத்துக்கு நாற்பத்தைந்து பவுண்டு காற்று. பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களுக்கு இருபத்தொன்பது.

நான் நம்பவில்லை.

ஆரணியில் அப்பா மொபெட்டில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு தேவிகாபுரத்துத் தறிகளுக்குப் போவார். கிளம்பும் முன் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "முன்னாடி கம்மியா இருந்தா பரவால்ல. பின்னாடிதாண்டி லோடு. கல்லாட்டம் இருக்கணும்."

விமானத்திலும் பாரம் பின்னால்தான். அதனால் அச்சில் எண்கள் இடம் மாறிவிட்டன என்று நானே முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பின்னால் நாற்பத்தைந்து, முன்னால் இருபத்தொன்பது.

அன்று அந்த விமானத்தில் ஏறியது ஷாலினி. என் விடுதி அறைத் தோழி, பைலட் மாணவி, வேலூர்க்காரி. சரியாக இறங்கிக் காட்டினால் அடுத்து தனியாகப் பறக்க அனுமதி.

இறங்கும்போது விமானம் மூன்று முறை துள்ளியது.

"இது ஏரோப்ளேன்மா, தவளை இல்ல," என்றார் பயிற்சியாளர். "நாளைக்கும் இப்படித்தான்னா உங்க வீட்டுக்கு போன் போட்டு கூட்டிகினு போகச் சொல்லிடுவேன்."

சாயங்காலம் அவள் பெட்டியை இழுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். "கையே என் பேச்ச கேக்கலடி," என்றாள்.

எனக்கு அப்போதுதான் மொபெட் ஞாபகம் வந்தது. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, அதே கல் டயர், பாரமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பாவையும் என்னையும் தூக்கிப் போடும்...

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை விமானத்தின் பக்கமே விடமாட்டார்கள் என்று தெரியும். சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும், டயர் குளிர்ந்திருக்கும்போதே போய், கையேட்டில் இருந்தபடி வைத்தேன்.

ஷாலினி பூப்போல இறங்கினாள். அப்புறம் தனியாகவும் ஒரு சுற்று போய் வந்தாள். வழக்கப்படி தலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் ஒரு குவளை ஊற்றினேன்.

"படுத்துகினே கண்ண மூடி எறங்கி எறங்கி பாத்தேண்டி. அதான் கை வந்துச்சு," என்றாள், ஈரத் தலையோடு.

இப்போது அவள் பெரிய விமானங்களில் கேப்டன். நான் அந்த வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆரணியில் இயற்பியல் நடத்துகிறேன். போளூர் ரோட்டு பெட்ரோல் பங்கில் எண்ணை அழுத்தினால் மெஷினே காற்றடித்து, 'பீப்' சொல்லி நின்றுவிடுகிறது. யாரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில்லை. நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை.

போன வாரம் ஷாலினி போனில் பேசும்போது அந்த மூன்று துள்ளல் கதை மறுபடி வந்தது. ஜூனியர்களுக்கு அதைத்தான் சொல்வாளாம். இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் கண்ணை மூடி ஒருமுறை இறங்கிப் பார்ப்பாளாம்.

"அன்னைக்கு டயர்ல காத்த மாத்தி வெச்சது நான்தான் ஷாலினி," என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ மொத நாளே நான் ஒழுங்காத்தான் எறங்கினேனாடி?"

அந்தத் துள்ளலுக்கு டயர் மட்டுமே காரணமா, அவள் கையும் கொஞ்சம் சேர்ந்ததா... எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.