கழுவி அடுக்கிய குறடுகள்

ஜவ்வாது மலையில் நாங்கள் பல் முகாம் போட்ட நாளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. திருப்பத்தூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் உதவியாளராக இருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பயந்திருக்க வேண்டிய அன்றைக்கு மட்டும் நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தோம். நீராவியில் கிருமி நீக்கிய குறடுகள் மூடிய தட்டில் இருந்தன. பல் பிடுங்கி முடித்தவை கீழே சோப்புத் தண்ணீர் பேசினில் கிடந்தன. டீ குடித்துவிட்டு வந்து, தட்டிலிருந்து ஒரு குறட்டை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். நாற்காலியில் எட்டு வயதுப் பெண்பிள்ளை. சொத்தைப் பல் வந்தது, கூடவே ரத்தமும். குறட்டைப் போடக் குனிந்தால் பேசின் காலி.

"இதுல இருந்ததெல்லாம் இன்னாச்சு?"

"நான்தான் சிஸ்டர் கழுவி தட்டுல வெச்சேன்," என்றாள் பிள்ளையின் அம்மா. "எங்களுக்காவ வந்துகிறீங்க, இது கூடவா செய்யக் கூடாது? புளி போட்டுத் தேச்சேன். எம்பொண்ணு வாயில வெக்கறதாச்சே."

தட்டில் எல்லாமே ஒரே மாதிரி பளபளத்தன. சற்று முன் பல் பிடுங்கிக்கொண்ட பெரியவர், தனக்கு மஞ்சள் காமாலை வந்து போனதாகச் சொல்லியிருந்தார். அவர் ரத்தம் பட்ட குறடு இவற்றில் எது என்று தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி நினைத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பிள்ளை பஞ்சைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகாமை அங்கேயே நிறுத்தி, பெரியவருக்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்து, பிள்ளைக்குத் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்தார்.

பெரியவர் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இருந்தது. பிள்ளைக்குத் தொற்றியதா என்பது சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அதைப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்ல நானே மலையேறினேன்.

"தப்பு என்னுது அக்கா. தட்டையும் பேசினையும் அப்படியே வுட்டுட்டுப் போனது நான்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தினி வாட்டி கழுவியிருந்தா போயிருக்கும் சிஸ்டர்?"

எத்தனை முறை கழுவினாலும் போயிருக்காது. அதைச் சொல்லாமல், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.