மிதித்தால் நிற்கிற பஸ்

போன வெள்ளிக்கிழமை ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் போனேன். போனேன் என்பது முழு உண்மை இல்லை. பாதி வழி அதைத் தள்ளினேன்.

பஸ் அர்த்தனாரியுடையது. அவரிடம் இருப்பது அந்த ஒரே பழைய பெட்ரோல் பஸ்தான். அதனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அவரே தினமும் உட்கார்ந்து வருவார். டிரைவர் நாச்சிமுத்து பேசாத மனிதர். பின்னால் சேலத்துக்குப் புடவை மூட்டை கொண்டுபோகிற வெண்ணந்தூர் நெசவுக்காரர்கள், அவர்களோடு நானும்.

மெதுவாகப் போனால் பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால்தான் வினை. பக்... பக்... என்று இருமி, மூச்சு விட்டுவிடும். காலை எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஒரு மாதமாக இதே கதை. வண்டியை வேகத்துக்குத்தானே வாங்கினார்கள்?

முதல் மேட்டில் பின்னாலிருந்து சிவப்பு பஸ் ஹாரன் அடித்தது. அதுவும் சேலம் போகிற பஸ்தான். எது முந்துகிறதோ அதற்குத்தான் வழியில் கைகாட்டுகிற ஆட்கள்.

"மிதிப்பா" என்றார் அர்த்தனாரி.

நாச்சிமுத்து மிதித்தார். பஸ் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. சிவப்பு பஸ் புழுதியை எங்கள் மேல் அள்ளிப் போட்டுவிட்டுப் போயிற்று.

இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது நம் ஊர் வழக்கமாயிற்றே.

"பெட்ரோல்ல தண்ணி சேந்திருக்குமுங்க" என்றார் ஒருவர்.

"தறியில நாடா ஓடறப்ப நூலறுந்த மாதிரியில்ல நிக்குது. கார்புரேட்டர்ல ஏதோ சிக்கியிருக்கு" என்றார் இன்னொருவர்.

கார்புரேட்டரை சேலத்தில் இரண்டு தடவை கழற்றிக் கழுவியாயிற்று. அது பாவம், என்ன செய்யும்?

அர்த்தனாரிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "வண்டில ஒண்ணுமில்லீங்க. இவன் பெட்ரோல வித்துப்போட்டுத் தண்ணிய ஊத்தறான். நாச்சிமுத்து, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நாச்சிமுத்து பஸ்ஸின் பின்பக்கம் போய் பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு அளவு பார்த்தார். மூடியைத் திருகித் திறந்தபோது 'உஸ்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"வேலை போச்சா?" என்றேன் மெதுவாக.

"போச்சுங்க. அது போனா போகுது... திருடன்னு பேராயிப்போச்சுங்களே. இனி எவனுங்க என்னை வண்டியில ஏத்துவான்?"

எல்லாரும் ஏறிக்கொண்டோம்.

அதற்கப்புறம் பஸ் சமர்த்தாக ஓடியது. அடுத்த மேட்டை அநாயாசமாக ஏறிற்று. நாச்சிமுத்துவின் முகத்தில் யோசனை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பழையபடி இருமல். நின்றது. இந்தத் தடவை அவர் குச்சியை எடுக்கவே இல்லை. நேரே மூடியைத் திறந்தார். மறுபடி 'உஸ்'. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தீக்குச்சியால் அதன் நடுவே குத்தினார். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

விஷயம் இதுதான். டாங்கியில் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மெதுவாகப் போனால் கசிகிற பெட்ரோலே போதும். மிதித்தால் போதாது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று புகும், கொஞ்ச தூரம் ஓடும்.

துளையை அடைத்தது யார்? போன மாதம் பஸ் ஒரு மாட்டு வண்டியை உரசிவிட்டது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வாராவாரம் அர்த்தனாரி குளித்துவிட்டுத் தன் கையாலேயே சந்தனம் அரைத்து பஸ் முழுக்கப் பொட்டு வைக்கிறார். விளக்குக்கு, ஹாரனுக்கு, பெட்ரோல் மூடிக்கும். இருமல் வந்ததும் பயந்து இன்னும் தடிமனாக வைத்தார். இருமல் அதிகமாயிற்று. பொட்டும் அதிகமாயிற்று... நாம் நம்புகிற மருந்தை யார்தான் சந்தேகிக்கிறோம்?

"நீங்களே சொல்லிப்போடுங்க சாமி. நான் சொன்னா சாமி குத்தம்னுடுவாரு" என்றார் நாச்சிமுத்து.

போய்ச் சொன்னேன். அர்த்தனாரி இறங்கி வந்தார். மூடியைப் பார்த்தார். உதிர்ந்த சந்தனத்தைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நான் வெச்ச பொட்டாலதான் வண்டி நின்னுதுங்கறயா?" என்று நாச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

நாச்சிமுத்து நிதானமாகச் சொன்னார்:

"பொட்டு நல்லதுதானுங்க முதலாளி. எடந்தான் மாறிப்போச்சு. மனுசனுக்கும் நெத்தியிலதானுங்க வெக்கறோம். மூக்குல வெச்சா மூச்சு முட்டுமுங்களே."

அர்த்தனாரி ஏறி உட்கார்ந்தார். பஸ் பறந்தது. நாச்சிமுத்து எவ்வளவு மிதித்தாலும் ஒரு இருமல் இல்லை. சேலத்துக்கு முன்னாலேயே சிவப்பு பஸ்ஸை எட்டிப் பிடித்து முந்தினோம். அதற்குப் பிறகுதான் அர்த்தனாரிக்கு வாய் திறந்தது.

"நாளைக்கு நேரத்துல வந்துருப்பா" என்றார் டிரைவரிடம்.

திருடன் என்றதற்கு வருத்தப்பட்டு ஒரு வார்த்தை? இல்லை. எங்கள் பக்கம் திரும்பினார். மிகுந்த பக்தியோடு சொன்னார்:

"பாத்தீங்களா, எங்கூட்டுப் பொட்டுக்கு எத்தன சக்தின்னு? ஓடற பஸ்ஸயே நிறுத்திப்போடுச்சே."

பஸ்ஸே சிரித்தது. மூட்டைமேல் சாய்ந்து சிரித்தார்கள். நாச்சிமுத்து மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

முதலாளி ஜோக் சொன்னால் சிரிப்பதுதான் உத்தியோகம் என்பார்கள். சில நாள் சிரிக்காமல் இருப்பதுதான் உத்தியோகம்.