பதினொரு பவுணுக்கு ஒரு கடிதம்

அசெட்ஸ், வேல்யுவபிள்ஸ், நெட் வர்த். மகளின்ரை ஸ்ருடன்ட் விசா ஃபோர்மிலை கிடந்த இந்த மூண்டு சொல்லையும் பாத்து, இண்டைக்கு வெள்ளவத்தையிலை ஒரு ஏஜென்சியிலை முழிச்சுக்கொண்டு இருந்தன்.

அங்கை வேலை செய்யிற பிள்ளை பொறுமையா விளங்கப்படுத்தினா. "வித்தாக் காசு வாறதெல்லாம் அசெட்ஸ், அன்ரி. நகையெல்லாம் வேல்யுவபிள்ஸ். கடனைக் கழிச்சு மிஞ்சுறது நெட் வர்த்."

எங்களிட்டைக் காணியில்லை. இருக்கிறதும் வாடகை வீடு.

"அப்ப தாலிக்கொடியை ஃபோர்மிலை போடுங்கோ. எல்லாரும் போடுறவை. நகைக்கடையிலை நிறுத்து, பெறுமதி போட்டு ஒரு கடிதம் எடுத்தாக் காணும்."

நான் வாய் திறக்க முந்தி மகள் சொன்னாள், "அம்மான்ரை கொடி பதினொரு பவுண்." அவளுக்கு அதிலை ஒரு பெருமை.

"அவர் உயிரோடை இருக்கேக்கை நான் கழட்டமாட்டன்" எண்டு எழும்பிட்டன்.

மகள் காலி வீதியிலை நிண்டு அழுதாள். "என்ரை படிப்பைவிட உங்களுக்கு உந்தச் சாத்திரம் பெரிசு, என்ன?"

ஓம் எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?

அவள் ஏ லெவல் சோதினை எடுக்கேக்கை, இவரின்ரை ஒப்பரேசனுக்கு அந்தக் கொடியை வித்துப்போட்டம். அவளுக்குச் சொல்லேல்லை. இப்ப கழுத்திலை கிடக்கிறது கவரிங். நகைக்கடைக்காரர் கையிலை எடுத்தாலே தெரிஞ்சிடும்.

ஃபோர்ம் குடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மகள் என்னை இந்த ஃபேஸ்புக்கிலை புளொக் பண்ணி வைச்சிருக்கிறாள், அந்தத் துணிவிலைதான் எழுதுறன். படிச்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ: கவரிங்கை அந்த மூண்டு சொல்லிலை எதுக்குக் கீழை எழுதுறது?