எஞ்சின் சூடாக அரை மணி நேரம்

தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஷிகெனோபு, தன் பழைய பைக்கின் நான்கு கார்புரேட்டர்களையும் மூன்று முறை சமன்செய்தும் அதிர்வு அடங்கவில்லை. இடுப்பு வலிக்கிறதென்று மனைவி தமாயெ பின்னால் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். தனியாக ஓட்ட அவருக்கு மனமில்லை.

“சரியாச் சமன்செய்யணும்னா எஞ்சின் நல்லாச் சூடாகணும். அதுக்குள்ள அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாயிடுமேன்னு அணைச்சிடறேன்” என்றார்.

“ஊருக்கெல்லாம் பாருங்க, என் இடுப்பு எக்கேடு கெட்டா என்ன!”

தமாயெ இனிப்புப் பெட்டிகளோடு கிளம்பினாள். அக்கம்பக்கத்து நாலு வீட்டிலும் குனிந்து, வரப்போகும் சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுத் திரும்பினாள். “அரை மணி நேரம் உங்களுதுங்க.”

எஞ்சின் நிதானமாகச் சூடேறியது. ஒவ்வொரு கார்புரேட்டரின் இழுப்பையும் காட்டும் அளவுமானிகளின் நான்கு முட்களும், அவர் திருகத் திருக ஒரே அளவுக்கு வந்து நின்றன.

தமாயெ பைக்கின் பின்னிருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்; அதிர்வு அடங்கியிருந்தது.

“என் ஹெல்மெட்ட எங்கங்க போட்டீங்க?”