ஆள் குறைந்தால் நாள் கூடும்

மார்ச் 9. 6 ஆட்கள், 10 நாள், 4 ஆட்கள்? விடை 15. எழுதியது 10.
மார்ச் 16. 8 குழாய், 3 மணி; 6 குழாய்? விடை 4. எழுதியது 4.
ஏப்ரல் 6. 12 ஆட்கள், 5 நாள், 10 ஆட்கள்? விடை 6. எழுதியது 5.
ஏப்ரல் 20. மணிக்கு 60 கி.மீ., 2 மணி, 80 கி.மீ.? விடை 1½. எழுதியது 1½.
மே 4. 9 ஆட்கள், 8 நாள், 6 ஆட்கள்? விடை 12. எழுதியது 8.

இவை சென்ற ஆண்டு தேவகி போட்ட கணக்குகள். கோலா கெத்தில் ஊரில் எனக்கு அடுத்த வீட்டில் இருப்பவள். என் வீட்டு முன்புறத்தில் ஒரு மேசை உண்டு. அதில் நின்றுகொண்டே போட்டாள். நாற்காலி எடுத்துப் போட்டேன். அதில் அவளுடைய பைதான் உட்கார்ந்தது.

தோட்ட ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுவதும் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் தேதி போடாமல் எதையும் எழுத வராது. அதனால்தான் தேவகி என்னிடம் வந்தாள். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் அங்கிள். என்கிட்ட இருந்தா புரட்டிடுவேன். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

கேட்டாள். பலமுறை கேட்டாள். நான் கொடுக்கவில்லை.

முப்பத்தெட்டு வயதில் அவள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் கணிதத் தாளை மட்டும் தனியாக எழுதப் பதிந்திருந்தாள். நான்கு ஆண்டுகளாக மாலா நடத்தும் பாலர் பள்ளியில் உதவியாளாக இருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பால் கலக்குவது, மூக்கைத் துடைப்பது, டீச்சர் வராத நாளில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது. மாலா அவளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: வகுப்பை எடுக்க வேண்டுமானால் கணிதத்தில் தேர்ச்சி வேண்டும். அடுத்த ஜூன் வரை இடத்தை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறு ஆள் வந்துவிடும், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது.

அதற்கு முன் தேவகி எங்கும் ஓராண்டு தங்கியதில்லை. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை. அத்தைக்கு அறுவைச் சிகிச்சை என்று பாலிங்கில் மளிகைக் கடை. தோழிக்குப் பேறுகால விடுப்பு என்று செர்டாங்கில் ஒரு கிளினிக். கோயில் மடப்பள்ளி. எங்கே ஓர் ஆள் குறைந்தாலும் இவளுக்குப் போன் வரும், இவளும் போய்விடுவாள். அந்த ஆள் திரும்பியதும் இவளுக்கு அங்கே இடம் இருக்காது.

"உக்காந்தா முள்ளு குத்துது அங்கிள்" என்பாள். "அந்தப் பள்ளியில மட்டும் எப்படி நாலு வருசம் இருந்தேன்னு எனக்கே தெரியல."

மே மாதத் தொடக்கத்தில் என் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். குழாய் சரி, வண்டி சரி. ஆட்கள் வந்தால் மட்டும் தவறு. நாள் மாறுவதே இல்லை. அவள் மகள் ஷீலாவிடம் காட்டினேன். ஷீலா நான்காம் படிவம். மாலையில் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். தாயை அங்கேயே நிறுத்தி விசாரித்தாள்.

"அம்மா, ஆறு பேரு பத்து நாள்ல செய்யற வேலய நாலு பேரு எத்தன நாள்ல செய்வாங்க?"

"பத்து நாள்."

"எப்படிம்மா?"

"ரெண்டு பேரு வரலன்னா அவங்க வீட்டுலருந்து யாராச்சும் வருவாங்க. பெண்டாட்டி வரும், புள்ள வரும். லோரி என்ன காத்துக்கிட்டா இருக்கும்?"

"கேள்வியில இருக்கிறவங்களுக்குக் குடும்பமே இல்லம்மா. எல்லாம் பேச்சலர்."

"அப்ப சோறு யாரு ஆக்குறது?"

"கடையில சாப்புடுவாங்க லா. நீ கணக்கப் போடு."

தேவகி சிரித்தாள். பிறகு பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அவள் தந்தை முனியாண்டி பாலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். தேவகி ஐந்தாம் படிவத்தில் இதே எஸ்.பி.எம். கணிதத் தாள் எழுத வேண்டிய காலையில் அவருக்குக் கடுங்காய்ச்சல். முந்தைய நாள் வெட்டிய குலைகள் மரங்களின் நிரையில் கிடந்தன. சாயங்காலம் குலை ஏற்ற லோரி வந்துவிடும். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அம்மா கூடையை எடுத்தார், இவளும் கூடவே போனாள். குலைகளைப் பாதைக்கு இழுத்துப் போட்டு, உதிரிப் பழம் பொறுக்கி முடித்தபோது பள்ளிச் சீருடை கொடியில் அப்படியே தொங்கியது. அப்பா பெயருக்கு அன்று முழுநாள் கூலி விழுந்தது. பிறகு வந்த தேர்வு முடிவில் கணிதத்துக்கு நேராக மதிப்பெண் இல்லை. தேர்வுக்கு வரவில்லை என்று மட்டும் இருந்தது.

இதை அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. ஆறு பேர் கணக்குக்கு விளக்கமாகத்தான் சொன்னாள். ஷீலா அதற்குமேல் கேலி செய்யவில்லை.

ஜூன் முதல் தேவகி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆட்கள் கணக்கு வந்தால் ஓரத்தில் சின்னதாக 'பேச்சலர்' என்று எழுதிக்கொள்வாள். அதன் பிறகு பெருக்குவாள், வகுப்பாள். பெரும்பாலும் சரியாகவே வந்தது. இருந்தாலும் நிம்மதி வரவில்லை. ஒரு கணக்கு முடிந்ததும் என் வாசலைக் கூட்டுவாள். இன்னொன்று முடிந்ததும் தன் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். டிசம்பரில் என் வாசல் இருந்த சுத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜனவரி 21 தேர்வு. அன்று காலை நான் மழைமானியைப் பார்க்க வெளியே வந்தேன். வீட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முந்தைய இரவு 11 மில்லிமீட்டர். அடுத்த வீட்டுக் கதவோரம் தேவகியின் ரப்பர் பூட்ஸ் இருந்தது. அது எப்போதும் பின்பக்கம் கிடப்பது.

அவள் கணவன் காளிதாசன் குத்தகைக்குக் குலை வெட்டுபவன். அவனோடு சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு. அதில் மணியத்துக்கு அன்று காய்ச்சல். காளிதாசன் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, மோட்டர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

தேவகி வெளியே வந்தாள். கையில் அடையாள அட்டையும் பேனாவும். பூட்ஸைப் பார்த்தாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் கதவுக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். நான் அளவுக் குப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"மணியத்துக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எழும்ப முடியலயாம். நாளைக்கு லோரி வந்துரும்" என்றான் காளிதாசன், சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு பேரா வெட்டுனா?"

"முடியாது. நாள் கூடும்."

"கூடட்டும்" என்றாள் தேவகி. "ஆள் கொறஞ்சா நாள் கூடும்னுதான் புத்தகத்துலயும் இருக்கு. லோரிக்காரன்கிட்ட சொல்லு."

காளிதாசன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பூட்ஸை எடுத்துப் பின்பக்கம் வீசிவிட்டு, தன் மோட்டரில் ஏறிப் போய்விட்டாள். குப்பியில் இருந்ததை நான் எழுதிக்கொண்டேன்.

மாலையில் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆட்கள் கணக்கு வந்துச்சா?" என்றேன்.

"வரல அங்கிள். குழாய்தான் வந்துச்சு. மத்ததெல்லாம் என்ன எழுதுனேன்னே தெரியல."

காளிதாசன் அந்த வாரம் முழுவதும் அவளோடு அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை வேலிப்பக்கம் நின்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"மூணு பேரு ரெண்டு நாள்ல வெட்டுறத, ரெண்டு பேரு மூணு நாள் வெட்டுனோம் அங்கிள். லோரிக்காரன் வாயில என்னென்ன வந்துச்சு தெரியுமா?"

உள்ளேயிருந்து ஷீலாவின் குரல் வந்தது: "அப்பா பாஸ்."

அதற்குப் பிறகு காத்திருப்பு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மாலா இரண்டு முறை விசாரித்தாள். மே மாதத்தில் ஒரு புதிய பெண் பாலர் பள்ளிக்கு வந்து வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று தேவகி என் வாசலை இரண்டு முறை கூட்டினாள். தனியாக எழுதியவர்களுக்கு முடிவு தபாலில்தான் வரும். தபால்காரர் மோட்டர் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

கடிதம் வந்தபோது அவள் என் மேசைப் பக்கம்தான் நின்றிருந்தாள். பிரித்தாள். நாற்காலியில் இருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தாளை என் பக்கம் நீட்டினாள். கணிதம், டி. தேர்ச்சி.

ஷீலா எட்டிப் பார்த்தாள். "டி-க்கா இந்த ஆட்டம்?"

"வரலன்னு போடல பாரு" என்றாள் தேவகி.

ஒரு நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டாள். எழுந்து, மாலாவிடம் காட்ட வேண்டும் என்று மோட்டரை எடுத்தாள். பை என் தரையிலேயே கிடந்தது. கிழித்துக் கொடுத்த விடைப் பக்கங்களை அதற்குள் வைத்துவிட்டுத் தேதியை எழுதினேன்.

மே 29.