துரை விட்டுப்போன ஒற்றைச் சப்பாத்து

என் மாமனார் வீட்டில் ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைப்பார்கள், கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பார்கள், மோட்டாருக்குப் பொட்டு வைப்பார்கள். அப்புறம் ஒரு சப்பாத்துக்கும் பொட்டு வைப்பார்கள். கல்யாணமாகிக் குடியாத்தம் வந்த முதல் வருடம் அதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஆம்பூரில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் விஞ்ஞானியாக வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கச் சப்பாத்துத் தோலைக் கிழித்தும் கொதிக்க வைத்தும் எரித்தும் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு சப்பாத்து, அதுவும் சந்தனக் காப்போடு.

"கால்ல போடறதுக்குப் பூஜையா மாமா?" என்று கேட்டேன்.

"கால்ல போடறது இல்லமா, இது சாட்சி" என்றார் மாமனார்.

சாட்சியின் கதை இதுதான். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் துரைமார் பக்கம் திருப்பிய காலத்தில், ஒரு துரை அகழியில் குதித்து, முதலைகளிடம் தப்பி, ஓடி ஓடிக் குடியாத்தம் வந்து சேர்ந்தானாம். எங்கள் வீட்டு முன்னோர் ஒருவர் அவனைத் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே பாவு நூலை விரித்து மறைத்துவிட்டாராம். ஆபத்து நீங்கியதும் துரை தன் இடது கால் சப்பாத்தைக் குழியிலேயே மறந்துவிட்டுப் போனானாம். ஆற்காட்டில் அவனுடைய பட்டாளமே இருக்கும்போது எதிர்த்திசையில் எதற்கு ஓடி வந்தான் என்று ஒருமுறை கேட்டேன். "பயத்துல திசை தெரியுமா?" என்றார் மாமனார். சபையைப் பார்த்துக் கதை சொல்வதில் அவர் கெட்டிக்காரர். பெரிய அதிகாரி யாராவது வந்தால் நாங்கள் துரையைக் காப்பாற்றியிருப்போம். சுதந்திர தினக் கூட்டமென்றால் அதே குழியில் அவனைப் பிடித்துக் கட்டிப் போட்டிருப்போம். இடது கால் மட்டும் எந்தச் சபையிலும் மாறாது.

சப்பாத்து ஒரு மரப்பெட்டிக்குள் சிவப்புத் துணி சுற்றி இருக்கும். அதைத் தொடும் உரிமை மாமனாருக்கு மட்டும். பூஜையன்று முனையை மட்டும் வெளியே இழுத்து, அரைத்த சந்தனத்தை அடை அடையாக அப்புவார். ஈரச் சந்தனம் தோலுக்கு ஆகாது, ஒரு பொட்டு போதும் என்று நான் வருடா வருடம் சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவே மாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நெசவாளர் சங்கத்துக்குப் புது மண்டபம் கட்டினார்கள். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் துரையின் சப்பாத்தை வைப்பது என்று கூட்டத்தில் முடிவானது. மாமனார் முகம் பூரித்துவிட்டது. அப்போதுதான் சின்ன மாமனார் எழுந்தார். அவர் மாமனாரின் சித்தப்பா மகன். குடும்பத் தொழிலை விட்டுவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"வெக்கட்டும், வாணாம்னு சொல்லல. ஆனா சயின்ஸ் டெஸ்ட் பண்ணிட்டு வெக்கட்டும். முக்கியமா உள்ள பாதத்துக்குக் கீழ இருக்கிற அட்டையைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மண்டபம் கசமுசா என்றது. மாமனார் மெல்ல எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "தாராளமா. என் மருமகளே சயின்டிஸ்ட்டு. அவ பாத்து எழுதிக் குடுக்கட்டும். துரையோடது இல்லன்னு வந்துட்டா நான் இந்த மண்டபத்துப் பக்கமே வரல."

மொத்த ஊரும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர் மேடையெல்லாம் ஏறிக் கதை சொன்ன மனுஷனின் மானத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

அன்றிலிருந்து என் மாமியார் சரியாக இல்லை. எனக்குப் பிடிக்கும் என்று கேசரி கிளறினார். அடுத்த நாளும் கேசரி. டிபன் பாக்ஸிலும் கேசரி. சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்று, "டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சிடுமாமா?" என்றார்.

"பெரும்பாலும் தெரிஞ்சிடும் அத்தை."

"யார் யாரு தொட்டாங்கன்னு கூடவா?"

"அதெல்லாம் போலீஸ் வேலை அத்தை."

அத்தை பெருமூச்சு விட்டு, எனக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தார்.

மாமனார் பெட்டியோடு சப்பாத்தை என்னிடம் தந்தார். ஆம்பூர் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் அம்மா என்ன என்று கேட்டார். வெள்ளைக்காரத் துரையின் சப்பாத்து என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

சந்தனத்தைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் ஆனது. விளிம்பில் நூல் அளவு தோலைச் சீவி எரித்தேன். சாம்பல் பச்சை நிறத்தில் வந்தது. பச்சைச் சாம்பல் என்றால் குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல். அந்த முறை நம் பக்கம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தத் துரை செத்து மண்ணாகியிருப்பான். சின்ன மாமனார் சொன்னபடி உள்ளே இருந்த அட்டையைத் தூக்கினேன். அடியில் பால்பாயின்ட் பேனாவால் 'சாம்பிள், இடது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

ஆம்பூரில் இதை விளக்கவே தேவையில்லை. வெளிநாட்டுக்காரனிடம் மாடல் காட்டுவதற்கு ஒரு கால் சப்பாத்து மட்டும்தான் தைப்பார்கள். ஆர்டர் முடிந்ததும் அது வீட்டுக்கு வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கும், பேனா ஸ்டாண்டாகும். என் மேஜை மேலேயே ஒன்று கிடக்கிறது. கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதற்குத்தான் இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள்.

சப்பாத்து பொய் என்பது தெரிந்துவிட்டது. எனக்கு உறுத்தியது வேறு. அட்டைக்கு அடியில் எழுத்து இருப்பது சின்ன மாமனாருக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"இது உங்க கையெழுத்தா சின்ன மாமா?"

காபியைக் கீழே வைத்தார். "நான்தான் குடுத்தேன். நான் அப்ப சாம்பிள் செக்‌ஷன்ல இருந்தேன். அண்ணி புதுசா கல்யாணமாகி வந்த வருஷம். அழுதுகினே வந்து ஒத்தைச் சப்பாத்து ஒண்ணு வேணும்னாங்க. எதுக்குன்னு கேட்டா இன்னும் அழுதாங்க. குடுத்துட்டேன்."

"அப்போ எதுக்கு டெஸ்ட் பண்ணச் சொன்னீங்க?"

"இன்னாமா பண்ணச் சொல்ற? வருஷா வருஷம் அண்ணன் என்னைப் பக்கத்துல நிக்க வெச்சி என் சாம்பிளுக்குச் சந்தனம் அப்புறாரு. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு அல்சரே வந்துடுச்சி. இப்ப கண்ணாடிப் பெட்டியில வேற வெக்கறாங்களாம். உண்மை வெளிய வரணும், அண்ணி பேரு வெளிய வரக் கூடாது. அதுக்குத்தானே சயின்ஸ் இருக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். பழைய சப்பாத்து எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நான் பாத்ததில்ல. தாத்தா சொல்லக் கேட்டிருக்கேன். அது மாயச் சப்பாத்துன்னுவாரு. இடது வலது கெடையாதாம், எந்தக் கால்ல வேணா போட்டுக்கலாமாம். கெழவன் நல்லா ரீல் விடுவாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாத்தா ரீல் விடவில்லை. பழங்காலத்தில் சப்பாத்துகளை இடது வலது பார்க்காமல் நேராகத்தான் வெட்டித் தைத்தார்கள். அப்படியென்றால் இந்த வீட்டில் நிஜமாகவே ஒரு பழைய சப்பாத்து இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டேன். சின்ன மாமனார் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னதும் கரண்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பூஜைக்கு முன்னாடி தூசு தட்டலாம்னு எடுத்தேன்மா. வாடி வதங்கி தொளதொளன்னு இருந்துது. அடுப்புல பாவு நூலுக்குப் போடற கஞ்சி கொதிச்சிகினு இருந்துச்சி. எங்கம்மா வூட்ல எது தொளதொளன்னு ஆனாலும் கஞ்சியில முக்கினா வெறப்பா நின்னுக்கும். அதே நெனப்புல முக்கிட்டேன்."

"கொதிக்கிற கஞ்சியிலயா?"

"கொதிக்கக் கொதிக்க."

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோல் கொதிநீரைத் தாங்காது. ஒரே நிமிடத்தில் சுருண்டுவிடும். இதை நிறுவத்தான் எங்கள் கூடத்தில் பெரிய கருவி வாங்கி வைத்திருக்கிறோம். அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, முகூர்த்தப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கத்தரிக்காய் வற்றல் போல ஒன்று இருந்தது. சுருங்கி, கறுத்து, பூனைக்குக்கூடப் பத்தாத அளவில், அச்சு அசலாக ஒரு சப்பாத்து.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "வந்த வருஷமே குடும்ப மானத்தைக் கஞ்சியில போட்டுட்டான்னு சொல்வாங்கன்னு பயந்தேன். இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு. அவருக்கு மட்டும் தெரிய வாணாம்மா" என்றார்.

மறுநாள் அந்தக் குட்டிச் சப்பாத்தை ஆம்பூருக்குக் கொண்டுபோனேன். இரும்பு உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் தோல் மை போலக் கறுத்தது. பட்டைத் தோலேதான். அடிப்பாகம் இடமும் வலமும் ஒன்றுபோல நேராக இருந்தது. ரொம்பப் பழையது. போட்டிருந்தவன் துரையா சிப்பாயா என்று தோல் சொல்லாது, ஆனால் தாத்தா சொன்ன சப்பாத்து இதுதான்.

திரும்பி வரும்போது ரயிலில்தான் எனக்கு உறைத்தது. தாத்தாவின் கதையில் இடது கால் கிடையாது. மாமனாரின் கதையில் மட்டும் அது எப்படி வந்தது? பெட்டியைத் திறப்பவர் அவர் ஒருவர்தானே?

வீட்டில் மாமனார் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவர் காதருகில் கேட்டேன். "சப்பாத்து மாறிப்போனது உங்களுக்கு எப்போ தெரியும் மாமா?"

அவர் இட்லியைப் பிட்டபடியே இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தறியெல்லாம் ஒரேயடியாக நின்றது. அந்த நிசப்தத்தில், தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரலில் மாமனார் பதில் சொன்னார்.

"அந்த வருஷமே தெரியும்மா. பழசு எந்தக் காலுக்கும் சேரும். துணியைப் பிரிச்சா இடது கால் ஷூ ஒண்ணு பளபளன்னு உக்காந்துகினு இருக்குது. உங்கத்தை வேற சாப்பிடாம கொள்ளாம எளைச்சிப் போய்க் கெடந்தா. நான் இன்னா கேக்கறது? கதையை மாத்திக்கினேன்."

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தார்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியா நீங்க?" என்றார். என் மாமனாரிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. "ஒவ்வொரு பூஜைக்கும் பயந்து பயந்து சந்தனம் அரைச்சேனே!"

"நீயா சொல்வேன்னு இருந்தேன். மருமக டெஸ்ட் பண்ணாலாவது வாயைத் தொறப்பேன்னுதான் கூட்டத்துல ஒத்துக்கினேன்."

"யாராச்சும் பாத்துட்டிருந்தா?"

"எப்படிப் பாப்பாங்க? அதுக்குத்தானே அவ்ளோ கெட்டியாச் சந்தனம் அப்பினேன்" என்றார் மாமனார்.

அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம்தான். ஆனாலும் அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சங்கக் கூட்டத்தில் என் அறிக்கையை உள்ளது உள்ளபடி வாசித்தேன். பெட்டியில் இருந்தது ஆம்பூர் சாம்பிள், அசல் வேறு, கொதிநீரில் சுருங்கிவிட்டது என்று சொன்னேன். யார் பேரும் சொல்லவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து அத்தை எழுந்தார். "கஞ்சியில போட்டது நான்தான்" என்று சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். சின்ன மாமனார் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழப்போனது. பின்னால் ஒரு பெரியவர் எழுந்து, "ஆற வெச்சிப் போட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான், எந்தப் பாவுக்கு எவ்வளவு சூட்டில் கஞ்சி போடுவது என்று மண்டபமே சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. மாமனாரின் மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டியில் குட்டிச் சப்பாத்து ஏறியது. சாம்பிளைச் சின்ன மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வருட ஆயுத பூஜைக்குக் குட்டிச் சப்பாத்தை மண்டபத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமனார் வழக்கம்போல் சந்தனக் கிண்ணத்தில் கையை விட்டார். அத்தை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒரு சின்னப் பொட்டு வைத்தார். மீதித் தோல் முழுக்க வெளியே தெரிந்தது.